புதிதாக மொழிபெயர்க்க வருபவர்கள் நியாயமான விலை வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் மாதமே, "உங்க ரேட் என்ன?" என்ற கேள்வி வந்துவிடும். என்னிடம் அது வந்தபோது பதில் இல்லை. சுகாதாரப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சிக் கையேடு, 8,000 சொல். "சொல்லுக்கு 25 பைசா கொடுக்கிறோம்" என்று அவர்களே சொன்னார்கள். சரி என்றேன். 11 நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து முடித்தேன். வந்த பணம் 2,000 ரூபாய். மணிக்கு 36 ரூபாய் விழுந்தது.

பணம் போனதுகூட மறந்துவிட்டது. கடைசி மூன்று அத்தியாயங்களைச் சலிப்பில் அவசரமாக முடித்துக் கொடுத்தேனே, அது இன்னும் மறக்கவில்லை. அந்தப் பக்கங்களைப் படித்துத்தான் யாரோ ஒரு கிராமச் செவிலியர் வேலை கற்றிருப்பார். கட்டுப்படியாகாத விலை முதலில் நம் வேலையைக் கெடுக்கிறது, அப்புறம் அதைப் படிப்பவர்களைப் பாதிக்கிறது. அதனால்தான் விலைக் கணக்கை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கீழே உள்ள எண்கள் எல்லாம் ஓர் எடுத்துக்காட்டுக்காக. முறையை எடுத்துக்கொண்டு உங்கள் எண்களைப் போடுங்கள். வடிவமைப்போ வீடியோ எடிட்டிங்கோ செய்பவர்கள் 'சொல்' என்று வரும் இடத்தில் தங்கள் வேலையின் அலகை வைத்துப் பார்க்கலாம்.

படி 1: மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு நோட்டை எடுத்து எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம், மனக்கணக்கில் செலவு எப்போதும் குறைவாகவே தெரியும்.

வீட்டுக்குத் தரவேண்டியது 18,000 ரூபாய். சொந்தச் செலவு 4,000. இணையமும் கைபேசியும் 1,100. மடிக்கணினி 45,000 ரூபாய் என்றால், மூன்று வருடம் உழைக்கும் என்று வைத்து 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,250. மின்சாரம், யுபிஎஸ் பேட்டரி இவற்றுக்கு 650. மருத்துவக் காப்பீடு 1,000. மென்பொருள், அகராதி, கணக்குப் பார்ப்பவருக்கு என 500. சேமிப்பு 3,500. கூட்டினால் 30,000 ரூபாய்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது மடிக்கணினி, காப்பீடு, சேமிப்பு மூன்றையும். சம்பள வேலையில் கணினி அலுவலகத்துடையது, காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் வரும். நமக்கு அவை இரண்டும் நம் விலைக்குள்ளிருந்துதான் வரவேண்டும்.

அப்பா அம்மாவோடு இருக்கிறேன், வாடகை இல்லை, அதனால் குறைத்துப் போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். வாடகை என்று ஒரு தொகையைக் கணக்கில் வைத்து வீட்டில் கொடுங்கள், முடியாவிட்டால் சேமிப்பில் போடுங்கள். பெற்றோர் தரும் இடத்தை நாம் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகக் கொடுப்பதில் நியாயம் இல்லை. அதே வேலையை வாடகை வீட்டிலிருந்து செய்பவரின் விலையையும் அது இறக்கிவிடும்.

படி 2: எத்தனை மணி நேரத்தை விற்க முடியும்?

365 நாளில் ஞாயிறு 52. மிச்சம் 313. பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா என்று 15 நாள், உடம்புக்கு முடியாமல் 10 நாள், கல்யாணம், காதுகுத்து, மற்ற அவசரங்களுக்கு 12 நாள். இவை போனால் 276. மாதத்துக்கு 23 நாள். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 184 மணி நேரம்.

இந்த 184 மணிக்கும் பணம் வராது. மின்னஞ்சல் எழுதுவது, வேலை தேடுவது, சோதனை மொழிபெயர்ப்பு, பில் போடுவது, பணம் கேட்டு நினைவூட்டுவது எல்லாம் இதற்குள்தான். முதல் வருடம் பாதி நேரம் வேலைக்குக் கிடைத்தாலே நன்று. ஆக 92 மணி நேரம்.

30,000 ரூபாயை 92 ஆல் வகுத்தால் 326. கணக்குக்கு எளிதாக 330 என்று வைத்துக்கொள்வோம். இதுதான் உங்கள் ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் விலை சொல்லாதீர்கள்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். விளைந்ததற்குத் தானே விலை வைக்க முடியாத உழவருக்கு அது பொருந்தும். நம் விலையை நாமே சொல்லலாம் என்னும்போது, கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

படி 3: உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள்

மூன்று வகை உரையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு செய்திக் கட்டுரை, வங்கியின் விதிமுறைகள் இரண்டு பக்கம், ஒரு மருத்துவமனை ஒப்புதல் படிவம். ஒவ்வொன்றிலும் 500 சொல். கைபேசியில் நேரம் போட்டு மொழிபெயர்த்துப் பாருங்கள். படித்துப் புரிந்துகொள்வது, கலைச்சொல் தேடுவது, எழுதுவது, மறுநாள் எடுத்துத் திருத்துவது என நான்கையும் கூட்ட வேண்டும். கலைச்சொல் தேடுவதற்கு எடுக்கும் நேரத்தைப் பலர் சேர்ப்பதில்லை. தமிழக அரசின் சொற்குவை தளத்தில் தேடி, சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் சரிபார்த்து, இரண்டும் பொருந்தாமல் ஒரு மருத்துவரைக் கேட்டு, ஒரே சொல்லுக்கு அரை மணி நேரம் போன நாட்கள் எனக்கு உண்டு. அதுவும் வேலைதான்.

செய்திக் கட்டுரை மணிக்கு 250 சொல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 330 ரூபாயை 250 ஆல் வகுத்தால் சொல்லுக்கு 1 ரூபாய் 32 பைசா. ஒப்புதல் படிவம் மணிக்கு 150 சொல்தான் என்றால் 2 ரூபாய் 20 பைசா. ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு விலை. "எனக்கு எல்லாத்துக்கும் ஒரே ரேட்" என்று சொல்பவர் கடினமான வேலைகளில் நஷ்டப்படுகிறார்.

இது கீழ்வரம்பு. இதற்கு மேல் பத்துப் பதினைந்து சதவீதம் வைத்துச் சொல்லுங்கள். 1 ரூபாய் 32 பைசா என்பது 1 ரூபாய் 50 பைசா ஆகும். வேலையில்லாத வாரங்களுக்கும், எதிர்பாராமல் இழுக்கும் கோப்புகளுக்கும் அந்த இடைவெளி தேவை.

சிறு வேலைக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றும் வையுங்கள். 40 சொல் விளம்பர வாசகத்துக்குச் சொல்கணக்கில் 60 ரூபாய்தான் வரும். ஆனால் பேசி, எழுதி, திருத்தி, பில் அனுப்ப ஒரு மணி நேரமாவது போகும். அதனால் குறைந்தபட்சம் 350 ரூபாய் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 4: எதை எண்ணுவது?

தமிழில் வேலை செய்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

விலையை ஆங்கில மூலத்தின் சொற்களை எண்ணிச் சொல்லுங்கள், தமிழ்ச் சொற்களை எண்ண ஒப்புக்கொள்ளாதீர்கள். 'வராதவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது ஆறு சொல். வேற்றுமை, எதிர்மறை, பன்மை எல்லாவற்றையும் நாம் ஒரே சொல்லில் ஏற்றிவிடுகிறோம். அதனால் தமிழில் எண்ணினால் தொகை கணிசமாகக் குறையும். அதோடு, மைக்ரோசாஃப்ட் வேர்டு இடைவெளியை வைத்தே சொல்லை எண்ணுகிறது. 'எழுதிக்கொண்டிருந்தார்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, 'எழுதிக் கொண்டு இருந்தார்' என்று பிரித்தால் மூன்று. ஒழுங்காக எழுதுபவருக்குக் குறைவாகவும், கண்டபடி பிரித்து எழுதுபவருக்கு அதிகமாகவும் பணம் தரும் முறை அது. மூலத்தை எண்ணினால் இரு தரப்புக்கும் வேலை தொடங்கும் முன்பே தொகை தெரிந்துவிடும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இது தலைகீழாகும். மூலம் தமிழ் என்பதால் சொல் குறைவாக இருக்கும், எழுதவேண்டியது அதிகமாக இருக்கும். அப்போது ஆங்கிலத்தில் வரும் சொற்களுக்கு விலை சொல்லுங்கள், இல்லையென்றால் தமிழ்ச் சொல்லுக்கான விலையை அதற்கேற்ப உயர்த்துங்கள்.

'பக்கத்துக்கு இவ்வளவு' என்று கேட்பவர்களும் உண்டு. எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் மாற்றினால் ஒரே பக்கத்தில் 200 சொல்லும் இருக்கும், 600 சொல்லும் இருக்கும். பக்கக் கணக்கு வேண்டும் என்றே அவர்கள் சொன்னால், 'ஒரு பக்கம் என்பது 250 ஆங்கிலச் சொல்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வந்தால் முதலில் திறந்து பாருங்கள். எண்ணவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது, அட்டவணைகளை நீங்களே போடவேண்டியிருக்கும். அதற்குத் தனி விலை.

எழுத்துரு விஷயத்தையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். யூனிகோடில் கொடுத்த பிறகு, "எங்க டிடிபி-காரர்கிட்ட பாமினிதான் ஓடும், மாத்திக் கொடுங்க" என்பார்கள். பாமினி என்பது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. எழுத்துரு மாற்றியைப் போட்டால் நொடியில் மாறும், உண்மைதான். ஆனால் கூட்டெழுத்து, மேற்கோள்குறி, நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் உடைந்திருக்கும். முழுக்க மறுபடி பார்த்தாக வேண்டும். அச்சுக்குப் போகும் முன் வடிவமைத்த பக்கங்களைச் சரிபார்ப்பதும் தனி வேலை. இரண்டையும் மணிக்கணக்கில் போடுங்கள்.

யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்பதும் விலைக்கு உதவும். டொராண்டோவில் உள்ள தமிழர்களுக்கான சுகாதாரத் துண்டறிக்கை என்றால், படிப்பவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள். மருத்துவமனை என்பது அவர்களுக்கு வைத்தியசாலை. நம் ஊர்த் தமிழில் கொடுத்துவிட்டு வருவது சரியான வேலை ஆகாது. இலங்கைத் தமிழர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும், அவருக்கும் பணம் தரவேண்டும். அதை விலையில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: சந்தையோடு ஒப்பிடுங்கள்

இப்போதுதான் மற்றவர்களின் விலையைப் பார்க்கவேண்டும். முதலிலேயே பார்த்தால் அவர்களின் எண் நம் மனதில் உட்கார்ந்துவிடும். மொழிபெயர்ப்பாளர்களுக்கான புரோஸ் (ProZ.com) தளத்தில், மொழிவாரியாக அவர்கள் சொன்ன விலைகள் உள்ளன. வாடிக்கையாளரிடம் வேலை வாங்கி நமக்குப் பிரித்துத் தரும் ஏஜென்சிகள் ஒழுங்காகப் பணம் தருகின்றனவா என்று மொழிபெயர்ப்பாளர்கள் பதிவு செய்யும் 'புளூ போர்டு' என்ற பகுதியும் அங்கே உண்டு. அதைவிட நல்லது, இந்தத் தொழிலில் ஐந்தாறு வருடம் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் நேரடியாகக் கேட்பது. "அக்கா, ஏஜென்சி உங்களுக்கு என்ன கொடுக்கிறது? நேரடி வாடிக்கையாளரிடம் என்ன வாங்குகிறீர்கள்?" என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். விலையைப் பேசாமல் மறைத்து வைப்பதால் புதியவர்கள்தான் அடிமட்ட விலைக்குப் போய் விழுகிறார்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

ஒரு ஏஜென்சி 70 பைசா என்கிறது என்று வையுங்கள். மணிக்கு 250 சொல் என்றால் 175 ரூபாய், உங்கள் அடக்கவிலையில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது. முதல் சில மாதம் இதை எடுப்பதில் தவறில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் இரண்டு நிபந்தனை. மாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குத் தராதீர்கள். திருத்துநர் திருத்திய கோப்பைத் திருப்பி அனுப்பும்படி கேளுங்கள். குறைந்த விலைக்கு ஈடாக அந்தத் திருத்தங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் பாடம். அதைத் தர மறுக்கும் இடத்தில் நீடிக்காதீர்கள்.

ஏஜென்சிகள் திரும்ப வரும் வாக்கியங்களுக்குக் குறைத்துக் கொடுப்பார்கள். 1,000 சொல்லில் 300 சொல் முன்பே வந்தவை, அவற்றுக்குக் கால்பங்கு விலை என்றால், கணக்கில் வருவது 700-உம் 75-உம் சேர்ந்து 775 சொல். அந்த எண்ணிக்கை அறிக்கையை வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் கேட்டு வாங்குங்கள். கோட்பாடாக இது நியாயமே. ஆனால் 'ஓப்பன்' என்ற ஒரே சொல் கடைப் பலகையில் 'திறந்துள்ளது', செயலியின் பொத்தானில் 'திற'. இப்படிச் சூழல் பார்த்துத் திருத்த வேண்டியிருப்பதால், திரும்ப வருவதற்கு ஒன்றுமே தரமாட்டோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலைக்கும் இதே அளவுகோல்தான். 40 பைசா என்றால் உங்கள் 330 ரூபாய்க்கு மணிக்கு 825 சொல் முடிக்கவேண்டும். 300 சொல் மாதிரி வாங்கித் திருத்திப் பாருங்கள். அந்த வேகம் வந்தால் எடுக்கலாம். வாக்கியம் வாக்கியமாக அழித்து எழுதவேண்டியிருந்தால் அது மொழிபெயர்ப்பு வேலை, விலையும் மொழிபெயர்ப்பு விலைதான்.

படி 6: எழுத்தில் கொடுங்கள்

தொலைபேசியில் விலை கேட்டால், "கோப்பைப் பார்த்துட்டு ஒரு மணி நேரத்துல எழுதி அனுப்புறேன் சார்" என்று சொல்லிவிடுங்கள். பின்பு இப்படி எழுதலாம்:

"வணக்கம். நீங்கள் அனுப்பிய கோப்பில் 3,200 ஆங்கிலச் சொற்கள் உள்ளன. சொல்லுக்கு 1 ரூபாய் 50 பைசா வீதம் 4,800 ரூபாய். மொழிபெயர்ப்பும் ஒருமுறை முழுச் சரிபார்ப்பும் இதில் அடங்கும். கோப்பு கிடைத்த 7 நாளுக்குள் நீங்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்துதருவேன். ஆங்கில மூலத்தை மாற்றினால் மாறிய பகுதிக்குத் தனிக் கட்டணம். யூனிகோடில் வேர்டு கோப்பாக, 5 வேலைநாளில் கிடைக்கும். பாதித் தொகை முன்பணம், மீதி கோப்பு தந்த 15 நாளுக்குள்."

சோதனை மொழிபெயர்ப்பு கேட்டால் 200, 300 சொல் வரை இலவசமாகச் செய்யலாம். அதற்கு மேல் கேட்டால் விலை சொல்லுங்கள். வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணம், பாதுகாப்பு வைப்பு என்று நம்மிடம் பணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். பதில்கூட எழுத வேண்டாம்.

படி 7: பேரம்

பேரம் பேசுவதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்கறிக் கடையில் நாமும்தான் கேட்கிறோம். விலையைக் குறைக்கவேண்டி வந்தால் வேலையையும் குறையுங்கள். "4,000-க்குள் முடிக்கணும் தம்பி" என்றால், "சரி சார், பின்னிணைப்பை விட்டுவிடலாமா? இல்லையென்றால் 5 நாளுக்குப் பதில் 10 நாள் தருவீர்களா?" என்று கேளுங்கள்.

"முதல் வேலைதானே, போணி பண்ணுங்க" என்பவருக்குக் கழிவு தரலாம், ஆனால் பில்லில் தெரியவேண்டும். வழக்கமான தொகை 4,800, அறிமுகக் கழிவு 480, தரவேண்டியது 4,320. இப்படி எழுதினால் அடுத்தமுறை 4,800 என்பது புதிய விலையாகத் தெரியாது. சொல்லுக்கு 1 ரூபாய் 35 பைசா வருகிறது, கீழ்வரம்பான 1 ரூபாய் 32 பைசாவுக்குக் கீழே போகவில்லை. "பின்னாடி நிறைய வேலை வரும்" என்பவரிடம், "ரொம்ப மகிழ்ச்சி, மாதம் 20,000 சொல் தாண்டினால் அந்த மாதம் முதல் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். வராத வேலைக்கு இன்றே தள்ளுபடி தரவேண்டாம்.

கோயில் குடமுழுக்கு மலர், தெரிந்த பள்ளியின் அறிவிப்பு போன்றவற்றை விருப்பமிருந்தால் முழுக்க இலவசமாகச் செய்யுங்கள். பாதி விலைக்குச் செய்தால் அதுவே ஊரில் உங்கள் விலையாகப் பரவும்.

படி 8: பணம் கைக்கு வரும் வழி

இணையத்தில் இதுபோன்ற வேலைகளை விற்க உதவும் ஃபைவர் தளம் விற்பவரிடம் 20 சதவீதம் பிடிக்கிறது. கையில் 1,000 ரூபாய் வரவேண்டும் என்றால் 1,200 என்று போட்டால் 960-தான் வரும். 1,250 போடவேண்டும். வெளிநாட்டிலிருந்து பேபால், பேயோனியர் வழியாகப் பணம் வந்தால் கட்டணத்திலும் நாணய மாற்றிலும் கொஞ்சம் போகும். முதல் தடவை அவர்கள் அனுப்பியது எவ்வளவு, வங்கிக்கு வந்தது எவ்வளவு என்று குறித்துவைத்து அடுத்த விலையில் சேருங்கள்.

இந்திய நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்ற கணக்கில் 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமானவரியாகப் பிடிக்கலாம். அது இழப்பு இல்லை. வருமானவரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கும், கணக்குத் தாக்கல் செய்தால் வரிக்குக் கழியும் அல்லது திரும்ப வரும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதுவரை பில்லில் ஜிஎஸ்டி போடக்கூடாது. "ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல் பில் எடுக்கமாட்டோம்" என்பவர்களிடம் இந்த வரம்பைச் சொல்லுங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முதல் மாதமே செய்துவிடுங்கள். அரசுத் தளத்தில் இலவசம், இடைத்தரகர் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பில்லின் கீழே உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல கணக்குப் பிரிவுகளில் உங்கள் பில் மேலே வரும்.

படி 9: உயர்த்துவது

ஒவ்வொரு வேலைக்கும் எடுத்த நேரத்தைக் குறித்து வாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படி 1 முதல் 3 வரை மறுபடி போடுங்கள். வேகம் கூடியிருந்தால் அதற்காக விலையைக் குறைக்காதீர்கள், அது உங்கள் உழைப்பில் வந்தது. நீங்கள் சொல்லும் விலைக்கு எல்லோருமே உடனே சரி என்கிறார்கள், கையில் மூன்று வாரத்துக்கு வேலை நிற்கிறது என்றால் உயர்த்தும் நேரம் வந்துவிட்டது. புதிய வாடிக்கையாளருக்கு அன்றே புதிய விலையைச் சொல்லலாம். பழையவர்களுக்கு ஒரு மாதம் முன்பே எழுதுங்கள்:

"வணக்கம் மேடம். ஜூலை 1 முதல் என் கட்டணம் சொல்லுக்கு 1 ரூபாய் 80 பைசா ஆகிறது. ஜூன் 30-க்குள் வரும் கோப்புகளுக்குப் பழைய கட்டணமே. இப்போது கையில் இருக்கும் வேலைக்கும் மாற்றம் இல்லை."

காரணங்களை அடுக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். போகிறவர் சிலர் இருப்பார்கள். அவர்கள் விட்டுப்போகும் மணி நேரத்தில் புதிய விலைக்கு ஆள் தேடுங்கள்.